ஸ்கூல் பையில் வரும் நியூஸ்!

ஆம்பூர்னு சொன்னதும் உங்க நாக்குல என்ன ஊறும்னு நமக்குத் தெரியாதா பாஸ்! சீரகச் சம்பா பிரியாணி, தொட்டுக்கக் கத்தரிக்காய்... ஓகே, ஓகே! அதைக் கடைசியில வெச்சுக்கலாம். முதல்ல உங்க காலைப் பாருங்க. போட்டிருக்கிறது லெதர் ஷூவா? அப்படின்னா ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி... இந்த ஊர்களில் ஏதாவது ஒண்ணைத் தொட்டுட்டு வந்திருக்க நல்ல சான்ஸ் இருக்கு.

இந்தத் தோல் பெல்ட்டுக்கு வர்றவங்க வழக்கமா மூணு ஐட்டம் பார்ப்பாங்க. வேலூர் கோட்டை, பிரியாணிக் கடை, ஏலகிரி மலை. நாம பார்க்கப் போறது நாலாவது... ஒரு தொடக்கப் பள்ளியின் நோட்டீஸ் போர்டு! 'இதுக்கா ரயில் ஏறணும்?'னு முறைக்காதீங்க. ஒரு ஊர் எத்தனை மணிக்கு எழுந்திருக்குது, என்ன மொழி பேசுது, யார் சம்பாதிக்கிறாங்க, எதைச் சொல்லக் கூச்சப்படுது... எல்லாமே அந்த போர்டைச் சுத்தித் தெரிஞ்சுடும்.

ஒரு நாள் போதும். வாங்க, கிளம்பலாம்.

காலை 7 மணி: பஸ் ஸ்டாப்

ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கி மெயின் ரோட்டுக்கு நடங்க. காத்துல ஒரு வாசனை வரும். உப்பும் தோலும் கெமிக்கலும் கலந்த வாசனை. உள்ளூர்க்காரங்களுக்கு அது தெரியவே தெரியாது. உங்களுக்கு முதல் அரை மணி நேரம் தெரியும், அப்புறம் பழகிடும்.

ரோட்டோரம் கூட்டம் கூட்டமா பெண்கள் நிப்பாங்க. கையில டிபன் பை. ஷூ கம்பெனி பஸ்ஸுக்கும் வேனுக்கும் வெயிட்டிங். தோல் பதனிடுற 'தோல் ஷாப்'புல ஆண்கள் அதிகம். ஷூ கம்பெனியில தையல் மெஷின் முன்னாடி உக்கார்றது பெரும்பாலும் பெண்கள். சுத்துப்பட்டு கிராமங்களிலிருந்து இப்படித்தான் ஊரே கம்பெனிக்குப் போகுது.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. அம்மா பஸ் ஏறுறது ஏழு, ஏழரைக்கு. ஸ்கூல் பெல் அடிக்கிறது ஒன்பது மணிக்கு மேல. அதாவது, ஸ்கூல் கேட்டில் ஒட்டுற எந்த நோட்டீஸையும் அந்த அம்மா நேர்ல பார்க்கவே போறதில்லை. சாயங்காலம் அவங்க திரும்பும்போது கேட்டைப் பூட்டியிருப்பாங்க.

மழை நாளில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கல். லீவு விடுறது கலெக்டர். 2019 நவம்பர் வரைக்கும் இந்த ஊர்கள் எல்லாமே ஒரே வேலூர் மாவட்டம். அப்புறம் ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு மூணாப் பிரிஞ்சுது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போச்சு. பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரிலேயே நின்னுச்சு. 'வேலூர் மாவட்டத்துல ஸ்கூல் லீவு'ன்னு டி.வி-யில ஓடுற வரி, பல வருஷமா 'நம்ம ஊர் லீவு'ன்னு அர்த்தம் கொடுத்த வரி. இப்போ ஆம்பூர் அம்மா அதை நம்பி பிள்ளையை வீட்டில் விட்டா, அன்னிக்கு ஆம்பூர்ல ஸ்கூல் உண்டு. உல்டாவா நடந்தா இன்னும் மோசம். பூட்டின கேட் முன்னாடி குழந்தை நிக்கும், அம்மா மெஷின் முன்னாடி உக்கார்ந்திருப்பாங்க.

இந்தப் பக்கத்து மழை விளையாட்டில்லை. 2021 நவம்பர் 19-ம் தேதி பேரணாம்பட்டில் மழையில் வீட்டுச் சுவர் இடிந்து ஒன்பது பேர் இறந்தாங்க. அதில் நாலு பேர் குழந்தைகள். மழை நாளில் பிள்ளை எங்கே இருக்குன்னு தெரியறது இங்கே எவ்வளவு பெரிய விஷயம்னு இதுக்கு மேல சொல்ல வேண்டியதில்லை.

எட்டேகால்: உப்புமா வாசனை

இப்போ ஒரு அரசு தொடக்கப் பள்ளிப் பக்கம் போங்க. பெல்லுக்கு முன்னாடியே பசங்க வரிசையா உக்கார்ந்து சாப்பிடுவாங்க. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கினது. 2023 ஆகஸ்ட் 25 முதல் தமிழ்நாட்டின் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துடுச்சு. 2024-ல் கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025-ல் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் நீண்டுச்சு.

'சாப்பாடு போட்டா பசங்க வருவாங்க'ன்னு நாம ஈஸியா சொல்லிடுவோம். ஏழு மணிக்கு பஸ் பிடிக்கிற அம்மாவை வெச்சு யோசிச்சுப் பாருங்க. அவங்களுக்கு இது ஒரு மணி நேரம். 'எட்டு மணிக்கு ஸ்கூலுக்குப் போயிடு, அங்கேயே சாப்பிடலாம்'னு சொல்லிட்டு நிம்மதியா ஏறலாம். ஆனா, அவங்க பிள்ளை படிக்கிற ஸ்கூலுக்கு இது எந்தத் தேதியிலிருந்து வருதுன்னு சரியான நேரத்தில் தெரிஞ்சிருக்கணும் இல்லையா? திட்டம் அரசாணையில் தொடங்கலாம். அந்த வீட்டைப் பொறுத்தவரை அது தொடங்குறது நியூஸ் வந்து சேர்ற அன்னிக்குத்தான்.

ஒன்பது மணி: போர்டு எந்த மொழியில்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் தெருவில் நடந்தா காதுல மூணு மொழி விழும். தமிழ், உருது, தெலுங்கு. உருது வழிப் பள்ளிகள் தமிழ்நாட்டில் அதிகம் இருக்கிற பகுதி இதுதான். 'தொடக்கப் பள்ளி (உருது)'ன்னு அடைப்புக்குறி போட்ட பெயர்ப் பலகையை இங்கே சாதாரணமா பார்க்கலாம். ஒரே பலகையில் தமிழ் இடமிருந்து வலம் ஓடும், உருது வலமிருந்து இடம் ஓடும். ரெண்டும் நடுவில் சந்திச்சுக்கும்!

2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தால, அந்த வருஷம் ஒண்ணாம் வகுப்பில் ஆரம்பிச்சு ஒவ்வொரு வகுப்பா உருது வழிப் பிள்ளைகளுக்கும் தமிழ் கட்டாயப் பாடமாச்சு. அதுக்கு முன்னாடி உருது வழியில் படிச்ச அம்மாக்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. தமிழ் வீடுகளிலும் சீக்கிரமே படிப்பை விட்டு வேலைக்குப் போன அம்மாக்கள் உண்டு. அதனால என்ன ஆகுது? சர்க்குலரை வீட்டில் படிச்சுச் சொல்றது நாலாம் வகுப்பு வாண்டு! ஹெட்மாஸ்டருக்கும் அம்மாவுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளரே அதுதான். 'இவன் கணக்கில் கவனம் செலுத்தவில்லை'ங்கிற வரியை அது எப்படி மொழிபெயர்க்கும்னு உங்களுக்கே தெரியும்!

போர்டுல 'தண்ணீர் பாட்டில் கொண்டு வரவும்'னு ஒரு வரி பார்த்தீங்கன்னா சும்மா கடந்து போயிடாதீங்க. தோல் ஷாப் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த கதை நம்ம என்விரான்மென்டல் சயின்ஸ் பேப்பர்ல வருதே... வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கு, அது இந்த ஊர்க் கதைதான். 1996 ஆகஸ்ட் 28-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு. 'கெடுத்தவரே ஈடு கட்டணும்'ங்கிற கொள்கை இந்தியச் சட்டத்தில் அழுத்தமா கால் ஊன்றினது இதில்தான். 2025 ஜனவரி 30-ம் தேதி, இழப்பீடு, சீரமைப்பு பத்தி அதே கோர்ட் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்துச்சு. நாம ரெண்டு மார்க் கேள்வியா படிச்சது, இங்கே குழந்தைகள் தோளில் பாட்டிலாத் தொங்குது.

மதியம்: சொல்லக் கூச்சமான சர்க்குலர்

இந்த பெல்ட்டுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி ஒரு உதவித்தொகை இருக்கு. 1977-78-லிருந்து மத்திய அரசு நடத்துறது. ஒண்ணாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும். யாருடைய பிள்ளைகளுக்கு? துப்புரவுத் தொழில் செய்றவங்க, குப்பை பொறுக்குறவங்க... அதோட தோல் உரிக்கிறவங்க, தோல் பதனிடுறவங்க. ஜாதி, மதம், வருமான வரம்பு எதுவும் தடையில்லை. 2021-22 விதிமுறைப்படி வீட்டிலிருந்து படிக்க வர்ற பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய்.

செம மேட்டர் இல்ல? ஆனா, ஒரு சிக்கல். ரொம்ப வருஷம் இந்தத் திட்டத்தின் பெயரிலேயே 'அசுத்தமான தொழில்'னு இருந்துச்சு. பின்னாடி 'சுத்தம் செய்யும், உடல்நலத்துக்கு ஆபத்தான தொழில்'னு மாத்தினாங்க. பணம் வேணும்னா அப்பாவின் தொழிலுக்குச் சான்று கொடுக்கணும். கிளாஸ்ல டீச்சர் 'உங்கள்ல யார் அப்பா இந்த வேலை செய்றாங்க, கை தூக்குங்க'ன்னு கேட்டா, எட்டு வயசுப் பையன் கை தூக்குவானா?

அதே தகவலை பெற்றோர் கூட்டத்தில் தனியா, மரியாதையா, 'உங்க வேலைக்கு அரசு கொடுக்கிற உரிமை இது'ன்னு சொல்லிப் பாருங்க. கதையே வேற! தகவல் ஒண்ணுதான். சொல்ற இடமும் விதமும் மாறினா, ஒரு வருஷ நோட்டு, பை, செருப்புக்கான பணம் வீட்டுக்கு வரும், இல்லேன்னா வராது.

லேட்டா வர்ற நியூஸுக்கும் விலை உண்டு. சிறுபான்மையினர் பிள்ளைகளுக்கான மத்திய அரசு உதவித்தொகையை 2022 நவம்பரில் எட்டாம் வகுப்பு வரைக்கும் நிறுத்தி, இனி ஒன்பது, பத்துக்கு மட்டும்னு அறிவிச்சாங்க. அந்த வருஷத்துக்கு விண்ணப்பம் போட்ட பிறகு வந்த அறிவிப்பு அது. சான்றிதழுக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்ச அம்மாவுக்கு அந்த நாளை யார் திருப்பித் தருவாங்க?

மூணு மணி: காலி நாற்காலிகள்

கல்வி உரிமைச் சட்டம் 2009, ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு வேணும்னு சொல்லுது. முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கட்டடம், சாப்பாடு, வருகை எல்லாத்தையும் கேள்வி கேக்குற உரிமை இவங்களுக்கு உண்டு. அதாவது, பெற்றோர் நியூஸைக் கேட்டுக்கிறவங்க மட்டுமில்ல, அதைத் தீர்மானிக்கிறவங்களும்கூட.

2022 மார்ச்சில் 'நம் பள்ளி நம் பெருமை'ன்னு தமிழ்நாடு முழுக்க பெற்றோர் கூட்டம் நடத்தினாங்க. தேதி மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை! சூப்பர் ஐடியா. ஆனா, வழக்கமான கூட்டங்கள் வேலை நாள் மதியத்தில்தான் வருது. அந்த நேரம் ஆம்பூர் அம்மா எங்கே இருப்பாங்க? கம்பெனியில்.

'வீட்டில் இருக்கிறவங்க வரலாமே'ன்னு கேப்பீங்க. வீட்டில் இருக்கிறவங்களுக்கும் வேலை ஷூதான்! ஷூவோட மேல்பாகத்தை 'அப்பர்'னு சொல்வாங்க. அதை மூட்டையா வீட்டுக்குக் கொண்டு வந்து ஊசியில் கையாலேயே தைச்சுக் கொடுக்கிற பெண்கள் இங்கே ஏராளம். 2016-ல் பிரிட்டன் அமைப்புகளும் பெங்களூரு சிவிடெப் அமைப்பும் சேர்ந்து இவங்களைப் பத்தி ஒரு அறிக்கையே போட்டாங்க. கூலி ஜோடிக் கணக்கு. ரெண்டு மணி நேரம் கூட்டத்தில் உக்கார்ந்தா அத்தனை ஜோடி கட்! ஆக, வராத அம்மாவைப் பார்த்து 'அக்கறை இல்லை'ன்னு ஈஸியா சொல்லிடாதீங்க. வர்றதுக்கு அவங்க கைக்காசு போகுது.

அந்த அப்பர் எங்கே போகுதுன்னு நினைக்கிறீங்க? நிறைய ஐரோப்பாவுக்கு. அங்கே அயர்லாந்துன்னு ஒரு குட்டி நாடு. அந்த ஊர்த் தொடக்கப் பள்ளிகள் பெற்றோருக்குச் செய்தி மடல் அனுப்புது. என்னிக்கு லீவு, என்னிக்கு விளையாட்டு விழா, எதுக்கு யாரைப் பார்க்கணும்னு எல்லாம் அதில் இருக்கும். பெற்றோர் சங்கம் அமைக்கிற உரிமையை 1998 கல்விச் சட்டத்திலேயே எழுதி வெச்சிருக்காங்க. நம்ம சட்டம் அதுக்குக் கொஞ்சமும் குறைஞ்சதில்லை. நம்ம பெற்றோர் குழுவுக்கு அதிகாரம் நல்லாவே இருக்கு. குறையறது ஒண்ணுதான்... நியூஸை அம்மாவின் நேரத்துக்கும் மொழிக்கும் கொண்டு போறது.

அதுக்கு ராக்கெட் சயின்ஸ் வேண்டாம் பாஸ். சாயங்காலம் ஏழு மணிக்கு தமிழிலும் உருதுவிலும் ஒரு நிமிஷ வாய்ஸ் மெசேஜ். கம்பெனி பஸ் நிக்கிற இடத்தில் ஒரு போர்டு. மாசத்தில் ஒரு கூட்டம் ஞாயித்துக்கிழமை. போன் அப்பா கையிலேயே இருக்கிற வீட்டுக்கு, அம்மாவுக்குத் தெரிஞ்ச பக்கத்து வீட்டு நம்பர். அவ்வளவுதான்!

உங்களுக்கு ஒரு சீட் காலி!

2024-ல் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மாத்தி அமைச்சப்போ, உறுப்பினர் எண்ணிக்கை 24 ஆச்சு. அதில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்திருக்காங்க. நீங்க படிச்ச அரசுப் பள்ளி எதுவா இருந்தாலும் சரி, அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஒரு எட்டு எட்டிப் பாருங்க. ஹெட்மாஸ்டர்கிட்ட 'மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர் யாரு?'ன்னு கேளுங்க. போர்டுல இருக்கிறதை நாலு வீட்டில் படிச்சுச் சொல்ல நமக்கு டிகிரிகூட வேண்டாம், ஒரு சாயங்காலம் போதும்.

எப்படிப் போறது? சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை போற ஏலகிரி எக்ஸ்பிரஸ் காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடின்னு இந்த பெல்ட்டையே தடவிக்கிட்டுப் போகும். ஆனா, அது சாயங்கால வண்டி, ராத்திரிதான் சேரும். காலை ஏழு மணி பஸ் ஸ்டாப்பைப் பார்க்கணும்னா முந்தின ராத்திரியே போய்த் தங்கிடுங்க. பள்ளிக்குள்ள போக ஹெட்மாஸ்டர் அனுமதி கட்டாயம். பசங்களைப் போட்டோ எடுக்காதீங்க, ப்ளீஸ்.

மதியம்? அதான் ஆரம்பத்திலேயே சொன்னோமே... சீரகச் சம்பா!