சிப்ஸ் பாக்கெட்டுக்குள் ஒரு தூக்குமேடை

டோக்கியோ

அன்புள்ள அக்கா,

மூத்தவள் ‘டெத் நோட்’ படிக்கிறாள், பிடுங்கி வைக்கட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், படிக்கட்டும். நீங்களும் கூடவே படித்துவிடுங்கள்.

சுகுமி ஓபா எழுதி தகேஷி ஒபாடா வரைந்த இந்தப் படக்கதை 2003 டிசம்பரில் ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ இதழில் தொடங்கி 2006 மே வரை 108 அத்தியாயங்கள் ஓடியது. பள்ளிப் பையன்களுக்கான வாரப் பத்திரிகை அது. அதில் கொலைகாரனே கதாநாயகன்! லைட் யாகமிக்கு 17 வயது, படிப்பில் முதலிடம், அப்பா போலீஸ் உயரதிகாரி. ரியூக் என்கிற மரண தேவன் பொழுது போகாமல் கீழே போட்ட நோட்டு அவன் கையில் கிடைக்கிறது. முகத்தை மனதில் நிறுத்தி ஒருவர் பெயரை அதில் எழுதினால் 40 விநாடியில் மாரடைப்பு. செய்தியில் வரும் குற்றவாளிகளாகப் பார்த்து எழுத ஆரம்பிக்கிறான்.

ரத்தம் சிந்தாததுதான் இதில் பயங்கரம். போலீஸார் லைட்டின் அறையில் ரகசிய கேமரா வைத்துக் கண்காணிக்கிறார்கள். அவன் மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறான். பக்கத்தில் சிப்ஸ் பாக்கெட். அதற்குள் ஒரு குட்டி டி.வி.யும் நோட்டில் கிழித்த துண்டுத் தாளும். வலது கை பாடம் எழுத, இடது கை சிப்ஸ் எடுக்கிற சாக்கில் செய்தியில் வந்தவன் பெயரை எழுதுகிறது. பிறகு சிப்ஸைக் கடித்து மெல்லுகிறான். சாவுகள் பெரும்பாலும் பள்ளி விட்ட பிறகே விழுவதைப் பார்த்துத்தான் எல் என்ற துப்பறிவாளன், கொல்பவன் மாணவன் என்று மோப்பம் பிடிக்கிறான்.

கெட்டவர்களைத்தானே கொல்கிறான் என்று மூத்தவள் வாதாடுவாள். ஆரம்பத்திலேயே தொலைக்காட்சியில் ஒருவன் தோன்றி, ‘நீ செய்வது தீமை’ என்கிறான். லைட்டுக்குச் சுருக்கென்கிறது, உடனே பெயரை எழுதிவிடுகிறான். செத்தவன் எல் அனுப்பிய மரண தண்டனைக் கைதி என்பது லைட்டுக்குப் பிறகுதான் தெரியும். எழுதும்போது அவனைக் குற்றவாளி என்று நினைக்கவே இல்லை, தன்னை எதிர்த்துப் பேசியவன், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை அவளோடு சேர்ந்து படியுங்கள்.

ஊர் ஜனம் அவனுக்குக் ‘கிரா’ என்று பெயர் வைத்துக் கொண்டாடுவது எனக்கு மிகையாகப் படவில்லை. இங்கே தூக்கு இன்னும் உண்டு. நீதி அமைச்சர் முன்பே உத்தரவில் கையெழுத்திட்டாலும், கைதிக்குச் சொல்வது தூக்கிலிடும் அன்று காலையில்தான். குடும்பத்துக்கோ எல்லாம் முடிந்த பிறகு. 2019 அரசுக் கருத்துக்கணிப்பில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மரண தண்டனை தவிர்க்க முடியாதது என்றார்கள்.

எல் போன பிறகு கதை இழுவைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். 2017-இல் வந்த அமெரிக்கப் படத்தை மட்டும் அவளுக்குக் காட்டாதீர்கள். மரண தேவனைக் கண்டதும் அதில் லைட் வீறிட்டு அலறுகிறான். அலறுகிற பையனைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்?