கருவி மாறும், கணக்கு நிற்கும்

பிப்ரவரி 3

காண்டூர் நிரலை இன்று எழுதத் தொடங்கினோம். புயல் உருவகப்படுத்தலிலிருந்து வரும் தரவில் காற்றழுத்தம் ஒரு குறிப்பிட்ட மதிப்பாக இருக்கும் இடங்களையெல்லாம் சேர்த்து ஒரே பரப்பாகக் காட்ட வேண்டும். புயலின் கண் எங்கே, அதைச் சுற்றியுள்ள சுவர் எவ்வளவு உயரம் என்பதை ஆராய்ச்சியாளர் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வது இந்தப் பரப்பை வைத்துத்தான்.

அடிப்படை வழி பழையது. 1987இல் வில்லியம் லாரன்சனும் ஹார்வி கிளைனும் வெளியிட்ட ‘மார்ச்சிங் கியூப்ஸ்’. வெளியைச் சின்னச் சின்னக் கனசதுரங்களாகப் பிரித்துக்கொள்கிறோம் (சுருக்கமாகச் சதுரம் என்பேன்). ஒவ்வொன்றுக்கும் எட்டு மூலை. ஒவ்வொரு மூலையின் மதிப்பும் நாம் கேட்டதற்கு மேலா, கீழா என்று பார்த்தால் மொத்தம் 256 வகை. எந்த வகைக்கு எத்தனை முக்கோணம், எந்த விளிம்புகளை வெட்டும் என்பதை ஓர் அட்டவணை சொல்லிவிடும். பூஜ்யம் முதல் ஐந்து முக்கோணம் வரை வரும்.

லாரன்சன், வில் ஷ்ரோடர், கென் மார்ட்டின் மூவரும் 1993இல் தொடங்கிய விடிகே நூலகம் இந்த வழியை உலகமெங்கும் கொண்டுபோனது. அந்தக் காலத்து நிரல் ஒரே பிராசசரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஒவ்வொரு சதுரமாகப் போ, முக்கோணம் கிடைத்தால் பட்டியலின் கடைசியில் சேர். ஒரே திரெட் ஓடும்வரை இதில் குறையே இல்லை. பல்லாயிரம் திரெட்டுகள் ஒரே பட்டியலின் கடைசியில் ஒரே நேரத்தில் எழுத வந்தால் என்ன செய்வது? எங்கள் வேலை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

பிப்ரவரி 11

பதில் ‘ஸ்கேன்’. இன்று கரும்பலகையில் ஏழு கனசதுரங்களை மட்டும் வைத்துப் போட்டுப் பார்த்தேன்.

முதல் சுற்றில் ஒவ்வொரு சதுரமும் தனக்கு எத்தனை முக்கோணம் என்று மட்டும் சொல்கிறது: 0, 2, 0, 1, 3, 0, 2. அடுத்தவரைக் கேட்க வேண்டியதில்லை. பிறகு தனக்கு முன்னால் உள்ளவற்றின் கூட்டுத்தொகை ஒவ்வொன்றுக்கும்: 0, 0, 2, 2, 3, 6, 6. மொத்தம் 8. இரண்டே வரியில் எல்லாம் தீர்ந்துவிட்டது. எட்டு முக்கோணத்துக்கு இடம் ஒதுக்கலாம். இடங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணினால், ஐந்தாவது சதுரம் தன் மூன்று முக்கோணங்களை 3ஆம் இடத்திலிருந்து எழுதலாம். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், பூட்டு வேண்டாம். கல்யாணப் பந்தியில் ஒவ்வொரு குடும்பமும் எத்தனை பேர் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாருக்கு எந்த இலை என்பதில் குழப்பமே வராது; அதே ஏற்பாடு.

இரண்டாம் சுற்று முக்கோணத்துக்கு ஒரு திரெட் என்று ஓடுகிறது. வெற்றுச் சதுரங்களுக்கு அங்கே வேலையே இல்லை. புயல் தரவில் பெரும்பாலான சதுரங்கள் வெற்று என்பதால் இந்தச் சேமிப்பு பெரிது.

கூட்டுத்தொகையையே இணையாகப் போட முடியுமா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். முடியும். இருவர் இருவராகக் கூட்டி மரம்போல் மேலே ஏறி, அதே வழியில் கீழே இறங்கினால் போதும். கை பிளெல்லாக் 1990இல் வெளியிட்ட நூலில், ஸ்கேனை அடிப்படைச் செயலாக வைத்தால் எத்தனையோ அல்காரிதங்களை இணையாக்கலாம் என்று விரிவாகக் காட்டியிருக்கிறார். ஜிபியுவில் பொதுக் கணக்குப் போடும் பழக்கம் வருவதற்கு வெகு முன்னால் எழுதியது அது. இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது.

பிப்ரவரி 19

மதியம் புதியவர்களுக்கு, நாங்கள் பயன்படுத்தும் விடிகே-எம் நூலகத்தின் வரலாற்றைச் சொன்னேன். அமெரிக்காவில் மூன்று தேசிய ஆய்வகங்கள் இதே சிக்கலைத் தனித்தனியே பிடித்தன. சாண்டியாவில் டாக்ஸ், ஓக் ரிட்ஜில் ஈ.ஏ.வி.எல்., லாஸ் அலமோஸில் பிஸ்டன். மூன்றும் ஒன்றாகி விடிகே-எம் ஆனது. இப்போது விஸ்கோரஸ் என்ற பெயரில் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் குடையின் கீழ் வளர்கிறது.

மூன்று குழுக்கள் தங்கள் நிரலை விட்டுக்கொடுத்து ஒன்றானதற்குக் காரணம் இருந்தது. ஓக் ரிட்ஜின் கதையை மட்டும் பார்த்தாலே தெரியும். அங்கே வந்த சூப்பர் கம்ப்யூட்டர்கள் 2012இல் டைட்டன், 2018இல் சம்மிட்; இரண்டிலும் என்விடியா ஜிபியு. 2022இல் வந்த ஃபிரன்டியரில் ஏ.எம்.டி. ஜிபியு, உலகின் அதிவேகக் கணினிகளின் பட்டியலில் முதன்முதலாக எக்ஸாஃப்ளாப் எல்லையைத் தாண்டிய இயந்திரம் அது. நொடிக்கு ஒன்றுக்குப் பின் 18 சுழியம் போட்ட அளவில் கணக்கு. ஆர்கான் ஆய்வகத்தின் அரோராவில் இன்டெல் ஜிபியு. நூறு அல்காரிதத்தையும் ஒவ்வொரு கம்பெனி கார்டுக்கும் தனியாக எழுதிக்கொண்டிருந்தால் வாழ்நாள் போதாது.

அதனால் நூலகம் வேலையை இரண்டாகப் பிரிக்கிறது. ஒரு சதுரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்ற சின்ன நிரல், அதற்கு ‘வொர்க்லெட்’ என்று பெயர், நாம் எழுதுவது. மேப், ஸ்கேன், ரெடியூஸ், சார்ட் போன்ற சில அடிப்படைச் செயல்களை மட்டும் ஒவ்வொரு கருவிக்கும் ஏற்றபடி எழுதி வைத்திருக்கிறார்கள். சிபியுவுக்கு டிபிபியும் ஓப்பன்எம்பியும், என்விடியாவுக்குக் கூடா, மற்ற ஜிபியுக்களுக்குக் கோக்கோஸ் வழியாக. புது இயந்திரம் வந்தால் அந்தச் சில செயல்களை அதில் ஓடவைத்தால் போதும். மேலே உள்ள வொர்க்லெட்டுகள் அப்படியே இருக்கும்.

மார்ச் 4

சோதனை ஓட்டம். ஒரே தரவு, ஒரே நிரல். சிபியுவிலும் இரண்டு வகை ஜிபியுவிலும் ஓட்டினோம். முக்கோணங்களின் எண்ணிக்கை அச்சு மாறாமல் வந்தது. பரப்பளவின் கூட்டுத்தொகை மட்டும் கடைசி இலக்கங்களில் வேறுபட்டது.

இது எதிர்பார்த்ததுதான். 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் 16777216உடன் 1ஐக் கூட்டினால் 16777216 என்றே நிற்கும். மறுபடி 1 கூட்டினாலும் நகராது. இரண்டு 1களை முதலில் கூட்டி, அந்த 2ஐச் சேர்த்தால் 16777218 வரும். கூட்டும் வரிசை மாறினால் விடை மாறும். ஒவ்வொரு கருவியும் தன் வசதிக்கேற்ற வரிசையில்தான் கூட்டுகிறது.

ஆகவே எது துளியும் மாறக்கூடாது, எது கொஞ்சம் மாறலாம் என்பதைச் சோதனையிலேயே பிரித்து எழுதுகிறோம். எண்ணிக்கை, இணைப்பு இரண்டும் மாறவே கூடாது. பக்கத்துச் சதுரங்கள் பகிரும் விளிம்பில் ஒரே புள்ளி பலமுறை வரும். அந்த விளிம்பின் இரு முனை எண்களையும் சாவியாக வைத்து, வரிசைப்படுத்தி, ஒன்றாக்குகிறோம். புள்ளியின் இடத்தை எப்போதும் சிறிய எண்ணுள்ள முனையிலிருந்தே கணக்கிடுகிறோம். எந்தச் சதுரம் கேட்டாலும் ஒரே விடை. கூட்டுத்தொகைகளுக்கு மட்டும் ஒரு சகிப்பெல்லை. அறிவியலாளர் நம்பிப் பார்க்கும் படத்தில் இந்த ஒழுங்கு இருந்தே தீர வேண்டும்.

மார்ச் 13

ஒரே நிரல் எங்கும் ஓடும் என்பது உண்மை; எங்கும் ஒரே வேகத்தில் ஓடும் என்று யாரும் சொல்லக்கூடாது. சிபியுவில் ஒரு திரெட் நினைவகத்தில் அடுத்தடுத்த இடங்களைத் தானே தொடர்ந்து படித்துப் போவது நல்லது. ஜிபியுவில் நேர்மாறு. என்விடியாவில் 32 திரெட்டுகள் ஒரு குழு. ஃபிரன்டியரில் உள்ள ஏ.எம்.டி. வகையில் 64. குழுவில் பக்கத்துப் பக்கத்துத் திரெட்டுகள் அந்தக் கணத்தில் பக்கத்துப் பக்கத்து இடங்களைப் படித்தால்தான் வேகம். அதனால் வலையை எந்த அச்சில் நடப்பது என்ற முடிவை மட்டும் கருவிக்கேற்ப மாற்றுகிறோம். அந்த விதிவிலக்கைத் தனி இடத்தில், தெரியும்படி எழுதிவைக்கிறோம்.

மார்ச் 24

வானிலைத் துறை மாணவி ஒருத்தி வந்தாள். “அண்ணா, என் லேப்டாப்பில் கார்டே இல்லையே, இது ஓடுமா?” என்றாள். “ஓடும்மா, மெதுவா ஓடும். படம் அதே படம்தான்” என்றேன். அவளுக்கு எதிரிலேயே கம்பைல் செய்து சின்னத் தரவில் ஓட்டிக் காட்டினேன். அதே வொர்க்லெட், ஒரு வரி மாறவில்லை.

அவளிடம் இன்னொன்றையும் சொன்னேன். பெரிய இயந்திரங்களில் தரவை டிஸ்க்கில் எழுதும் வேகம், தரவு உண்டாகும் வேகத்துக்கு ஈடு கொடுப்பதில்லை. எல்லாக் கணத்தையும் சேமித்து வைத்துப் பிறகு பார்க்கலாம் என்பது நடக்காது. உருவகப்படுத்தல் ஓடும்போதே, தரவு ஜிபியு நினைவகத்தில் இருக்கும்போதே, அங்கேயே படம் எடுத்துவிட வேண்டும். தரவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று நூலகம் கணக்கு வைத்துக்கொண்டு, தேவை வந்தால் மட்டும் நகலெடுப்பது இதற்காகத்தான்.

ஏப்ரல் 2

நிரல் மூன்று கருவிகளிலும் சோதனைகளைத் தாண்டிவிட்டது. இந்தத் துறைக்கு வர நினைக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு கம்பெனி கார்டின் தந்திரங்களை முதலில் படிக்காதீர்கள். எந்த வேலையைப் பார்த்தாலும், இதில் ஒவ்வொரு துண்டும் தனியே முடிவு செய்யக்கூடியது எது, எல்லோரும் சேர்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டியது எது என்று பிரித்துப் பழகுங்கள். தனியே முடிவதெல்லாம் மேப். சேர்ந்து முடிவதில் பெரும்பகுதி ஸ்கேன், சார்ட், ரெடியூஸ் ஆகியவற்றுக்குள் அடங்கும். இப்படி எழுதப்பட்ட அல்காரிதத்துக்கு இன்னும் வராத இயந்திரத்திலும் இடம் இருக்கும். அதை எழுதி வைப்பவர்கள் அடுத்த தலைமுறை விஞ்ஞானிகளுக்கும் சேர்த்தே உழைக்கிறார்கள்.