பேர் தெரியாத சாவு

பத்திரிகையாளர் பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மூத்த நிருபர் என்று ஒரு சால்வை, ஒரு டீ. எனக்கு முன்னால் பேசிய தம்பி, சுற்றுக்கு வருகிற ஒரு வீடியோ உண்மையா பொய்யா என்று கண்டுபிடிக்கும் வித்தையைத் திரையில் போட்டுக் காட்டினார். வீடியோவிலிருந்து ஒரு படத்தை வெட்டி எடுத்து இணையத்தில் தேடுவது, பின்னால் தெரிகிற கடைப் பலகையைப் படிப்பது, நிழலைப் பார்ப்பது. கெட்டிக்காரப் பையன்தான். ஆனால் முடிக்கும்போது, "முன்னாடியெல்லாம் நிருபர்களுக்குச் சரிபார்க்க வழி கிடையாது, காதில் விழுந்ததை எழுதுவாங்க" என்று ஒரு வரியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். சபை சிரித்தது. எனக்குச் சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோனது. அங்கே பேசாமல் விட்டதைத் தூத்துக்குடி மில்லர்புரத்து வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் 2023 மார்ச் விவகாரம். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று கிளம்பிய வதந்தி. தூத்துக்குடிக்காரர்களுக்கு அது மறந்திருக்காது. இந்தி பேசினார்கள் என்பதற்காகப் பீகார்க்காரர்கள் 12 பேரைத் தமிழ்நாட்டில் தூக்கில் தொங்கவிட்டுவிட்டார்கள் என்று ட்விட்டரில் எழுதியவர் உத்தரப் பிரதேச பா.ஜ.க. செய்தித் தொடர்பாளர் பிரசாந்த் உம்ராவ். அவர் மேல் வழக்குப் பதிவானது நம்ம ஊர் மத்திய பாகம் ஸ்டேஷனில்தான்.

அந்தப் பதிவைப் படித்தபோது வீடியோவைப் பற்றி எனக்கு ஒரு யோசனையும் வரவில்லை. 12 பேர் என்கிறாரே, அதில் ஒருத்தன் பேராவது சொன்னாரா என்றுதான் தேடினேன். சொல்லவில்லை. விஷயம் அதோடு முடிந்தது. இதற்கு மடிக்கணினி எதற்கு?

இந்தப் புத்தி எனக்குப் பிறவியில் வந்ததல்ல. அண்ணாச்சி கொடுத்தது. அவருக்குப் பெயர் உண்டு, ஆனால் இந்த ஊர்ப் பத்திரிகைக்காரர்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சிதான். சைக்கிளைத் தவிர வேறு வண்டி ஏறாதவர். செய்தியைக் கார்பன் வைத்து எழுதி, கவரில் போட்டு, கண்டக்டர் கையில் கொடுத்து பஸ்ஸில் திருநெல்வேலிக்கு அனுப்பிய காலம் அது. கடைசி பஸ் போய்விட்டால் டிரங்க் கால், அதுவும் கிடைத்தால். எங்களில் யார் ஒரு சாவுச் செய்தியோடு அவர் முன்னால் போய் நின்றாலும் தலை நிமிராமல் ஒன்றுதான் கேட்பார்.

"செத்தவன் பேரு என்னலே?"

"பேரு தெரியல அண்ணாச்சி. அஞ்சு பேருன்னு பேசிக்கிறாவ."

"பேரு தெரியாதவன் இன்னும் சாகலலே. போயிட்டு வா."

அவ்வளவுதான். போயிட்டு வா என்றால் எங்கே என்று அவர் சொல்ல மாட்டார். ஜி.எச். சவக்கிடங்கு, ஸ்டேஷன் ரைட்டர், துஷ்டி வீடு. இந்த மூன்று வாசலும் மிதிக்காமல் திரும்பினால் அவரிடம் பேச்சு கிடையாது. ரைட்டரிடம் எப்.ஐ.ஆர். நம்பரும், சந்தேகச் சாவுக்கான 174ஆம் பிரிவு போட்டாச்சா என்பதும் கேட்க வேண்டும். (இப்போது சட்டம் மாறி அது 194 ஆகிவிட்டது. புதுப் பையன்களிடம் 174 என்றால் விழிக்கிறார்கள்.) ரைட்டர் சொல்வதை அப்படியே எழுதினால் அதற்கும் திட்டு விழும். போலீஸ்காரன் சாவைக் குறைத்துச் சொல்வான், கட்சிக்காரன் கூட்டிச் சொல்வான், இரண்டு பேர் சொல்வதையும் கழித்தால் மிச்சம் கிடப்பது சவக்கிடங்கில்தான் என்பார். அங்கே வாசலில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். பெயர், தகப்பனார் பெயர், வயது, ஊர், போஸ்ட்மார்ட்டம் (பி.எம்.) முடிந்து உடம்பை யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள். பிறகு அந்த வீட்டுக்கு. நோட்டையும் பேனாவையும் பைக்குள் வைத்துவிட்டுத்தான் துஷ்டி வீட்டுத் தெருவுக்குள் நுழைய வேண்டும் என்பது இன்னொரு சட்டம். அழுகிறவளிடம் கேள்வி கேட்கக் கூடாது. பந்தல் கால் நடுகிறவனிடம் கேட்டாலே எல்லாம் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் அவர் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. வகுப்பும் எடுத்ததில்லை. சாதி மோதல்களின் நடுவே கொடியங்குளம் நடந்த 1995ஐ ஒட்டிய வருஷங்களில் இந்த மாவட்டத்தில் நிருபராக இருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரு ஊரில் ஒருவனுக்குக் கையில் வெட்டு விழுந்தால், பக்கத்து ஊரை எட்டும்போது தலை போயிருக்கும். அதற்கடுத்த ஊரில் மூன்று தலை. எந்தச் சாதிக்காரனை எந்தச் சாதிக்காரன் என்பதும் சொல்கிறவனைப் பொறுத்து மாறும். அதை அப்படியே அச்சில் ஏற்றினால் மறுநாள் காலை பஸ்ஸில் பேப்பர் கட்டு போய் இறங்குகிற ஊரிலெல்லாம் நிஜமாகவே தலை விழும். அண்ணாச்சி அந்த நாட்களில் எட்டுக் காலம் போக வேண்டிய செய்தியை எட்டு வரியாக வெட்டி அனுப்புவார். டெஸ்கிலிருந்து ஏச்சு வரும். எதிர்ப் பத்திரிகையில் மூன்று தலையும் முதல் பக்கத்தில் வந்திருக்கிறதே என்பார்கள். "அவன் பேரு போட்டிருக்கானா பாருங்க" என்று போனை வைத்துவிடுவார்.

அவருக்குப் பதவி உயர்வு வரவில்லை. கடைசிவரை பகுதி நேர நிருபராகவே இருந்து செத்துப்போனார். அவர் சாவுக்கு எங்கள் பேப்பர் கொடுத்தது ஒரு பெட்டிச் செய்தி. அதில் வயதைத் தப்பாகப் போட்டிருந்தார்கள்.

2023க்கு வருகிறேன். வெளி மாநிலத் தொழிலாளி ஒருத்தர் இங்கே இறந்தால் என்னவெல்லாம் நடக்கும் என்பது துறைமுகம் உள்ள ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சாரத்திலிருந்து விழுந்து இறந்தார் என்று வையுங்கள். கான்ட்ராக்டர் ஓடி வருவார், ஸ்டேஷனில் வழக்காகும், ஜி.எச்.சில் பி.எம். நடக்கும். உடம்பு கெடாமல் மருந்தேற்ற வேண்டும், அதற்குச் சான்றிதழ் வேண்டும், விமானத்தில் அனுப்பப் பெட்டி வேண்டும், கூடப் போக ஆள் வேண்டும். அங்கே பாட்னாவில் இறக்கி ஊருக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும். ஒரு சாவுக்கே இத்தனை தாள், இத்தனை கையெழுத்து. 12 சாவு என்றால் பீகாரில் 12 கிராமத்தில் ஒப்பாரி கேட்டிருக்க வேண்டும். அங்கே உள்ள நிருபர்கள் ஒரு வீட்டுக்காவது போனார்களா? வீடு இருந்தால்தானே போவதற்கு.

நடந்தது இதுதான். அந்தப் பக்கம் பெரிய இந்திப் பத்திரிகையான தைனிக் பாஸ்கரில் செய்தி வந்தது. பேப்பரில் பார்த்தேன் என்று மார்ச் 2ஆம் தேதி பீகார் முதலமைச்சர் நிதிஷ்குமார் ட்விட்டரில் எழுதினார். முதலமைச்சரே சொல்லிவிட்டார் என்று பேப்பர்கள் மறுபடி எழுதின. சட்டமன்றத்தில் அமளி. முதல் நாள்தான் அவருடைய துணை முதலமைச்சர் தேஜஸ்வி யாதவ் சென்னைக்கு வந்து மு.க. ஸ்டாலினின் 70ஆவது பிறந்தநாள் கூட்டத்தில் பேசிவிட்டுப் போயிருந்தார். அங்கே எதிர்க்கட்சியாக இருந்த பா.ஜ.க.வுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? நம்ம டி.ஜி.பி. சைலேந்திரபாபு உடனே விளக்கம் சொன்னார். சுற்றிய வீடியோக்களில் ஒன்று திருப்பூரில் வட மாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை, இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். ராஜஸ்தான் ஜோத்பூரில் ஒரு வழக்கறிஞர் வெட்டிக் கொல்லப்பட்ட காட்சிகூட தமிழ்நாடு என்று பேர் மாற்றிக்கொண்டு சுற்றியது. காயம்பட்டவர்கள் என்று மனிஷ் காஷ்யப் என்ற யூடியூபர் காட்டிய ஆட்கள், பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் கட்டுப்போட்டு உட்காரவைக்கப்பட்டவர்கள் என்று பீகார் போலீஸே கண்டுபிடித்தது. ஹோலிக்கு ஊருக்குப் போகிற கூட்டத்தை உயிர் தப்பி ஓடுகிற கூட்டம் என்று காட்டினார்கள். அந்த வருஷம் ஹோலி மார்ச் 8. ரயில்வே ஸ்டேஷனில் நின்ற ஒருவரிடம் 'எங்கே போறீங்க, எப்போ திரும்பி வருவீங்க' என்று கேட்டிருந்தால் போதும்.

பீகார் அரசு அனுப்பிய நான்கு பேர் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்தவர் பாலமுருகன் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. அந்தக் குழு சென்னை, திருப்பூர், கோவை என்று நேரில் சுற்றியது, தொழிலாளர்களிடம் பேசியது, திருப்தி என்று சொல்லிவிட்டுத் திரும்பியது. ஸ்டாலினும் காவல்கிணறு பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்குப் போய் வட மாநிலத் தொழிலாளர்களிடம் பேசினார். ஆக, கடைசியில் எல்லாரும் செய்தது அண்ணாச்சி வேலையைத்தான். முதல் நாளே செய்திருக்க வேண்டியவன் நிருபர்.

உம்ராவ் நீதிமன்றத்தில் சொன்ன வாதம் எனக்கு மறக்காது. மற்றவர்கள் போட்டதைத்தான் நானும் பகிர்ந்தேன், தப்பென்று தெரிந்ததும் நீக்கிவிட்டேன் என்றார்கள் அவர் தரப்பில். அவரும் ஒரு வழக்கறிஞர். நிபந்தனையில்லாமல் மன்னிப்புக் கேளுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 6ஆம் தேதி சொன்னது. காஷ்யப் மேல் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தைப் போட்டார்கள். அதை நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது. அவர் செய்தது அயோக்கியத்தனம், ஆனால் அதற்கு அந்தச் சட்டம் அதிகம் என்பது என் கட்சி. சாதாரண வழக்கிலேயே நிறுத்தி நடத்தியிருக்கலாம். ஆளைத் தியாகியாக்கி அனுப்பினார்கள்.

நம் பக்கம் மட்டும் யோக்கியமா? அதே வருஷம் ஜனவரியில் திருப்பூரில் வடக்கத்திப் பையன்கள் கூட்டமாக ஓடுகிற ஒரு வீடியோ வந்தது. தமிழர்களை வட இந்தியர்கள் விரட்டி விரட்டி அடிக்கிறார்கள் என்று இங்கே எத்தனை பேர் பகிர்ந்தார்கள்! டீக்கடையில் சிகரெட் புகையை வைத்துத் தொடங்கிய தகராறு என்றது போலீஸ். பிப்ரவரியில், ஓடும் ரயிலில் ஒருத்தன் வட மாநிலத் தொழிலாளர்களை வாய்க்கு வந்தபடி ஏசி அடிக்கிற வீடியோ வந்தது. அது நிஜம், கைதும் நடந்தது. வெறுப்பே கிடையாது என்று எழுதினால் அதுவும் பொய்ச் செய்திதான். ஒரு அடி விழுந்தது உண்மை, 12 சாவு பொய். இரண்டையும் அதனதன் அளவில் எழுதத்தான் நிருபர் என்று ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

வெள்ளைக்காரன் ஊரிலும் இதே கதைதான். 2019 ஜனவரியில் வாஷிங்டனில் லிங்கன் நினைவிடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பள்ளிப் பையனும், மேளம் தட்டிக்கொண்டு நின்ற பழங்குடிப் பெரியவரும் முகத்துக்கு முகம் நிற்கிற துண்டு வீடியோ வந்தது. பையன் தலையில் டிரம்ப் பிரச்சாரத் தொப்பி வேறு. இனவெறி பிடித்த பையன் என்று நாடே தீர்ப்பு எழுதிவிட்டது. ஓரிரு நாளில் நீளமான வீடியோ வந்ததும் கதை அவ்வளவு சுலபமில்லை என்று தெரிந்தது. பையன் தரப்பு வழக்குப் போட, சி.என்.என்.னும் வாஷிங்டன் போஸ்ட்டும் 2020இல் சமரசம் செய்துகொண்டன. அங்கே நின்ற ஆட்களிடம் யாராவது முதலிலேயே விசாரித்திருந்தால்?

2018 மே 22ஐ எழுதாமல் தூத்துக்குடி நிருபர் எவனும் எழுத்தை முடிக்க முடியாது. ஸ்டெர்லைட்டுக்கு எதிராகக் கலெக்டர் ஆபீஸ் நோக்கிப் போன கூட்டத்தின் மேல் துப்பாக்கிச் சூடு. மறுநாளும் சூடு. 13 பேர் போனார்கள். தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூன்று மாவட்டத்திலும் இணையத்தை நிறுத்திவிட்டார்கள். வெளியூர்த் தொலைக்காட்சிப் பையன்களுக்குக் கை உடைந்த மாதிரி ஆகிவிட்டது. எங்களுக்கு அப்படியில்லை. ஜி.எச். எங்கே இருக்கிறது என்று தெரியும், யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரியும். எண்ணிக்கை ஏற ஏற ஒவ்வொரு பெயராக எழுதினோம். அதே ஜி.எச்.சுக்கு மே 30ஆம் தேதி ரஜினிகாந்த் வந்து காயம்பட்டவர்களைப் பார்த்தார். சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எந்தச் சமூக விரோதி, பேர் என்ன, யார் பார்த்தார்கள்? துப்பாக்கிச் சூட்டை விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் அவருக்குச் சம்மன் அனுப்பிக் கேட்கும் நிலை வந்தது. 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட ஆணைய அறிக்கை, போலீஸ்காரர்கள் 17 பேர் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

இன்றைக்கு மாவட்டத்தில் நிருபர் வேலை எப்படி நடக்கிறது என்று சொன்னால் கோபப்படுவார்கள். போலீஸ் வாட்ஸ்அப் குழுவில் செய்திக் குறிப்பு வரும். அதை அப்படியே எடுத்து அனுப்புவார்கள். குறிப்பில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் மறுநாள் எல்லாப் பேப்பரிலும் அதே இடத்தில் அதே பிழை. செத்தவருடைய தகப்பனார் பெயரைத் தப்பாகப் போட்டால், அந்த வீட்டார் காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் அந்தப் பேப்பர் கட்டிங்கை எடுத்துக்கொண்டு அலைவார்கள் என்பதுகூடத் தெரியாது. சவக்கிடங்குப் பக்கம் போன நிருபரை நான் பார்த்துக் கொஞ்ச காலமாகிறது. ரீல்ஸ் எடுக்கப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பொய்யைக் கண்டுபிடித்துச் சொல்பவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. பீகார் வதந்தி விவகாரத்தில் நல்ல வேலை செய்த ஆல்ட் நியூஸ் முகமது ஜுபைருக்கு 2024 குடியரசு தினத்தில் தமிழக அரசு கோட்டை அமீர் விருது கொடுத்தது. தகுதியான ஆள். ஆனால் அவர்கள் வேலை தொடங்குவதே பொய் ஊரெல்லாம் சுற்றி முடித்த பிறகு. அது கிளம்புகிற இடத்திலேயே, அச்சுக்குப் போகும் முன்னால், 'பேரு என்ன' என்று கேட்டுத் திருப்பி அனுப்பிய ஆட்களுக்கு விருதும் கிடையாது, அப்படி ஒரு வேலை இருந்தது என்கிற நினைப்பும் கிடையாது. வராத செய்திக்கு யார் விருது கொடுப்பார்கள்?

பத்திரிகை முதலாளிகளிடம் ஒன்று கேட்கிறேன். உண்மை கண்டறியத் தனிக் குழு, தனி மென்பொருள் என்று இன்று செலவு செய்கிறீர்கள். சந்தோஷம். பகுதி நேர நிருபருக்கு இன்னும் வெளியான செய்தியை எண்ணித்தான் காசு கொடுக்கிறீர்கள். மில்லர்புரத்திலிருந்து ஜி.எச்.சுக்கு ஆட்டோவில் போய் வர அதைவிட அதிகம் ஆகும். பொய் என்று தெரிந்து எழுதாமல் விட்ட செய்திக்கு ஒரு பைசாவும் கிடையாது. முதலில் அந்த ஆட்டோ காசைக் கொடுங்கள்.