உளி பட்ட மலையும் வெடி பட்ட மலையும்

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்திலுள்ள திருவாதவூர் என்றதும் மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்பதே பலரின் நினைவுக்கு வரும். சங்கப் புலவர் கபிலரின் ஊரும் இதுவே என்பர். ஆயின் ஊரையடுத்த ஓவாமலைக் குகையை நாடிச் செல்வோர் மிகச் சிலரே. நாம் அன்பர் சிலருடன் சென்று கண்டோம். பாறையில் செதுக்கிய படுக்கைகளும், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகளும் அங்கே காணக்கிடக்கின்றன. சமணத் துறவியர் தங்குவதற்காக அவற்றை வெட்டுவித்தவர்களின் பெயர்களை அவ்வெழுத்துகள் இன்றும் சொல்லுகின்றன. பிறர் இளைப்பாறுவதற்காக வெட்டிய கல் அது.

இவ்வட்டாரத்திலேயே வேறுவகை வெட்டும் நிகழ்ந்தது. கீழவளவு முதலிய ஊர்களில் கிரானைட் கல்லுக்காகக் குன்றுகள் பிளக்கப்பட்டன. கண்மாய்களும் வாய்க்கால்களும் கழிவுக் கற்களால் தூர்ந்தன. 2012-இல் ஆட்சியராயிருந்த உ. சகாயம் இதுபற்றி அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அவ்வாண்டிலேயே குவாரிகள் நிறுத்தப்பட்டன. அரசின் இழப்பு கோடிகளில் கணக்கிடப்பட்டது. நீரிழந்த உழவனின் முகத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

அதனை எழுதுவது கலையின் கடமை. மராட்டிய மாநிலத்துச் சந்திரப்பூர் நிலக்கரிப் பகுதியில் 1986-இல் பிறந்த ஓவியர் பிரபாகர் பாச்புதே அக்கடமையைச் செய்து வருகின்றார். அவர் குடும்பத்தார் தலைமுறைகளாகச் சுரங்கத்தில் உழைத்தவர்கள். குடையப்பட்ட நிலத்தையும் மக்களையும் அவர் கரித்துண்டு கொண்டே சுவர் நிறையத் தீட்டுகின்றார். அவர் வரையும் தொழிலாளருக்குத் தலையிருக்க வேண்டிய இடத்தில் விளக்கோ கருவியோ இருக்கும். உழைப்பவனைக் கருவியாகவே காணும் உலகத்தை இதனினும் தெளிவாகச் சொல்ல இயலுமோ? ஒருகாலத்தில் நிலக்கரி நாடாகவே விளங்கிய வேல்ஸ், 2021-இல் ஆர்ட்டெஸ் முண்டி பரிசை அவருக்கும் மற்றும் ஐவருக்கும் பகிர்ந்தளித்தது.

கலை நிலத்தைக் காக்கவும் துணைநிற்கும். மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியில் குடைவரைக் கோயிலும் சமணச் சிற்பமும் உள்ளன. 2022-இல் அது பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. எனினும் 2024-இல் அப்பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டது. மக்கள் அம்மலைகளின் பழம்பெருமையையும் எடுத்துக்காட்டிப் போராடினர். ஏலம் 2025 ஜனவரியில் இரத்தாயிற்று.

பெற்றோரே, நம் இல்லத்து முதியோரிடம் கேட்டு, மறைந்த குன்றையும் தூர்ந்த வாய்க்காலையும் அவற்றின் பெயரோடு பிள்ளைகள் வரைந்து வைக்கட்டும். ஓவாமலையில் கொடுத்தவர் பெயர் நிலைத்திருக்கின்றது. இழந்தவர் பெயரும் எங்கேனும் நிலைத்திருத்தல் வேண்டும்.