பாய்லரில் தண்ணீர் இருக்கிறதா?

குக்கரில் தண்ணீர் ஊற்ற மறந்து அடுப்பில் ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? கொஞ்ச நேரத்தில் மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வு உருகிவிடும். பாத்திரக் கடைக்குப் போய் புது வால்வு வாங்கிப் போட வேண்டும். அன்றைக்கு வீட்டில் திட்டு விழும். அவ்வளவுதான்.

இதே மறதி ஒரு வீட்டையே சூடாக்கும் பாய்லரில் நடந்தால்?

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பழைய வீடுகள் பலவற்றில் குளிர்காலச் சூடு இன்றும் பாய்லரில் இருந்துதான் வருகிறது. தரைக்குக் கீழே உள்ள அறையில் ஒரு வார்ப்பிரும்புப் பெட்டி, அதன் அடியில் கேஸிலோ எண்ணெயிலோ எரியும் பர்னர். இதில் இரண்டு வகை. நீராவி வகையில் பாய்லரில் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கும். அது கொதித்து ஆவியாகி மேலே போய், ரேடியேட்டர்களில் குளிர்ந்து, மறுபடி தண்ணீராகக் கீழே இறங்கும். வெந்நீர் வகையில் பாய்லர், குழாய், ரேடியேட்டர் எல்லாவற்றிலும் தண்ணீர் நிரம்பி நிற்கும். பம்பு அதைச் சுற்றி வர வைக்கும்.

இரண்டிலும் ஒரே விதிதான். உள்ளே தண்ணீர் இருக்கும் வரை இரும்புக்கு ஆபத்தில்லை. தீ கொடுக்கும் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய்விடும். தண்ணீர் குறைந்தால் அந்தச் சூடு முழுவதும் இரும்பிலேயே தங்கும். இரும்பு பழுக்கும், வளையும், விரிசல் விடும். அந்த நேரத்தில் குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனால் நிலைமை இன்னும் மோசம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடம் கேட்கும். மூடிய பெட்டிக்குள் அந்த இடத்துக்கு எங்கே போவது?

தண்ணீர் ஏன் குறைகிறது என்று கேட்கலாம். ரேடியேட்டரில் காற்று விடும் சிறு வால்வு கசியும். தரைக்கடியில் புதைந்த குழாய் துருப்பிடித்து ஓட்டையாகும். தானாகத் தண்ணீர் நிரப்பும் வால்வு அழுக்கு அடைத்து நின்றுவிடும். ரிப்பேருக்காக மூடிய வால்வை யாரோ திறக்க மறந்திருப்பார்கள். இதெல்லாம் பெரிய தவறுகளா? இல்லை. எந்த வீட்டிலும் நடப்பவைதான்.

மனிதக் கண்ணை மட்டும் நம்பக் கூடாது என்ற பாடம் ரொம்பப் பழையது. 1803இல் இங்கிலாந்தின் கிரீனிச்சில் ரிச்சர்ட் டிரெவிதிக்கின் நீராவி எந்திரம் ஒன்று வெடித்து 4 பேர் இறந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பையன் விலாங்கு மீன் பிடிக்கப் போயிருந்தானாம்! அதற்குப் பிறகு டிரெவிதிக் பாய்லரில் ஈயத்தால் ஒரு அடைப்பு வைத்தார். தண்ணீர் குறைந்தால் ஈயம் உருகி, அந்த ஓட்டை வழியாக ஆவி வெளியேறும். நம் குக்கரில் உருகும் வால்வுக்கு இதுதான் முப்பாட்டன்.

அடுத்த பாடம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் ஊரில் கிடைத்தது. 1905 மார்ச் 20 காலையில் குரோவர் காலணித் தொழிற்சாலையின் பாய்லர் வெடித்துக் கூரையைப் பிய்த்துக்கொண்டு பறந்தது. நான்கு மாடி மரக் கட்டடம் சரிந்து தீப்பிடித்தது. 58 பேர் இறந்தார்கள். அங்கே காரணம் தண்ணீர்க் குறைவு அல்ல, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த விரிசல். ஆனாலும் பாய்லர் என்றால் சட்டம் வேண்டும் என்ற எண்ணத்தை வலுவாக்கியது அந்தக் காலைதான். மாநிலச் சட்டம் வந்தது. பிறகு அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பாய்லர் விதித்தொகுப்பு, 1914ஆம் ஆண்டுப் பதிப்பாக வந்தது.

சரி, இன்றைய வீட்டுக்கு வருவோம். குறைநீர் நிறுத்தி (அங்கே லோ வாட்டர் கட்ஆஃப் என்பார்கள்) செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் அளவு குறைந்தால் பர்னரை அணைக்கும்.

பழைய மாதிரியில் ஒரு மிதவை இருக்கும். நம் ஊர் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்து மாதிரி. தண்ணீரோடு மிதவை இறங்கினால் சுவிட்ச் திறந்து பர்னர் நிற்கும். புது மாதிரியில் மிதவை இல்லை, தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு உலோக முனை மட்டும். முனையில் இருந்து தண்ணீர் வழியாகப் பாய்லரின் உடம்புக்கு மிகச் சிறிய மின்சாரம் ஓடும். தண்ணீர் விலகினால் சுற்று அறுந்து பர்னர் அணையும்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. முனையின் ஒயர் அறுந்தாலும், முனை மேல் உப்புப் படிந்தாலும், கருவி "தண்ணீர் இல்லை" என்றே நினைக்கும். வீடு குளிரும், ஆனால் ஆபத்து இல்லை. மிதவை அப்படியல்ல. அது இருக்கும் அறையில் சேறு சேர்ந்து மிதவை மேலேயே சிக்கிக்கொண்டால், தண்ணீர் வற்றிய பிறகும் "எல்லாம் சரி" என்று பொய் சொல்லும். அதனால்தான் மிதவை வைத்த வீட்டில் வாரம் ஒரு முறை, பர்னர் எரியும்போதே அடி வால்வைத் திறந்து அழுக்குத் தண்ணீரை வாளியில் பிடிக்கச் சொல்கிறார்கள். பிடிக்கும்போது பர்னர் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் அந்தக் கருவி வெறும் அலங்காரம்.

நீராவிப் பாய்லர்களில் இந்தக் கருவி சாதாரணமாக இருக்கும். பழைய வெந்நீர்ப் பாய்லர் உள்ள வீடுகள் பலவற்றில்தான் இருப்பதில்லை. இன்றைய சர்வதேச வீட்டுக் கட்டட விதித்தொகுப்பு இரண்டு வகைக்கும் கேட்கிறது. பொருத்துவதும் பெரிய வேலையில்லை. முதலில் மின்சாரத்தையும் எரிபொருளையும் நிறுத்தி, பாய்லரை ஆறவிட்டு, தேவையான அளவு தண்ணீரை வடிக்க வேண்டும். பாய்லரில் இருந்து மேலே போகும் குழாயில் ஒரு டீ போட்டு அதில் முனையை மாட்ட வேண்டும். அது பாய்லரை விட உயரத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் பாய்லர் காலியாவதற்கு முன்பே தெரியும். பாய்லருக்கும் முனைக்கும் நடுவில் வால்வு எதுவும் கூடாது. முனை குழாயின் சுவரைத் தொட்டாலோ கதை முடிந்தது. இரும்பையே தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளும். பிறகு பர்னருக்குப் போகும் மின்சுற்றை இதன் வழியாகக் கொடுத்து, தண்ணீர் நிரப்பி, காற்றை வெளியேற்ற வேண்டும். கடைசியாக, பர்னர் எரியும்போது நிஜமாகவே தண்ணீரை இறக்கிப் பார்க்க வேண்டும். பட்டனை அழுத்தி விளக்கைப் பார்த்தால் மட்டும் போதாது. கேஸும் மின்சாரமும் கலந்த வேலை என்பதால் உரிமம் பெற்ற ஆளைக் கூப்பிடுவதே நல்லது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு ஆபத்து மிச்சம் இருக்கிறது. அது மனிதன்.

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். ஜனவரி மாதம், வெளியே உறைபனி. மூன்று நாளைக்கு ஒரு தடவை பாய்லர் அணைந்துவிடுகிறது. குழந்தைகள் குளிரில் எழுந்து அழுகிறார்கள். வீட்டுக்காரர் எரிச்சலில் கைவேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிடுகிறார். வந்தவர், "இந்தச் சாமான்தான் சார் அணைக்கிறது" என்று அதன் இரண்டு ஒயர்களையும் நேரடியாக முறுக்கிவிட்டுப் போகிறார். அதன் பிறகு பாய்லர் அணையவே இல்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்!

ஆனால் தண்ணீர் எங்கோ கசிந்துகொண்டுதான் இருக்கிறது. கருவி இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தது அதைத்தான். சொன்னவன் வாயைக் கட்டியாயிற்று. இனி ஒரு இரவு, எல்லோரும் தூங்கும்போது, காலிப் பாய்லருக்கு அடியில் தீ எரியும். அதிர்ஷ்டம் இருந்தால் வார்ப்பிரும்பு பிளந்து பல ஆயிரம் டாலரோடு போகும். இல்லாவிட்டால் போவது பணம் மட்டுமல்ல.

அப்படி ஒரு நாள் கருகிய வாடை வந்து, கண்ணாடிக் குழாயில் தண்ணீரே தெரியாவிட்டால்? படிக்கட்டின் மேலே இருக்கும் சிவப்பு சுவிட்சை அணைக்க வேண்டும். பதற்றத்தில் தண்ணீரை மட்டும் திறந்துவிடக் கூடாது. தானாக ஆறட்டும். பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடலாம்.

அடிக்கடி அணைக்கிறது என்பதற்காக அந்தக் கருவியைத் திட்டக் கூடாது. அது அணைத்த ஒவ்வொரு தடவையும் ஒரு வீடு பிழைத்திருக்கிறது. வாரம் ஒரு வாளி அழுக்குத் தண்ணீர், ஐந்து நிமிட நேரம்... அது கேட்பது அவ்வளவுதான்.