ஒத்துக்காரர் பேரன்

எங்கள் தாத்தா ஐம்பது வருடம் ஒரே ஒரு சுரத்தை வாசித்தார். குத்தாலத்துக்கும் திருவாவடுதுறைக்கும் இடையில் இருந்த எங்கள் ஊரில், நாயன மேளத்துக்கு அவர்தான் ஒத்துக்காரர். ஒத்தும் நாயனத்தைப் போலவே ஆச்சா மரத்தில் கடைந்த குழல்தான். உலவு, அணைசு, கெண்டை, சீவாளி எல்லாம் உண்டு. விரல் வைத்து வாசிக்கத்தான் துளை கிடையாது. அடிப்பக்கத்தில் இருக்கும் சில துளைகளை மெழுகால் கொஞ்சம் அடைத்தும் கொஞ்சம் திறந்தும் சுருதி சேர்ப்பார்கள். சேர்த்து முடித்தபின் விடிய விடிய ஆதார ஷட்ஜம் ஒன்றுதான்.

எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிறவனை 'ஒத்து ஊதுறான்' என்று சொல்வார்கள் இல்லையா? அந்தப் பேச்சைத் தெருவில் யாராவது எடுத்தால் பாட்டிக்கு முகம் சுண்டிவிடும். "ஒருநாள் ஊதிப் பாக்கச் சொல்லு, தெரியும்" என்பாள். தாத்தா ஒன்றும் சொல்லமாட்டார்.

நான் ஊதிப் பார்த்திருக்கிறேன். எட்டு வயதில், கொல்லையில் உட்காரவைத்து, ஒரு சொம்புத் தண்ணீரையும் பப்பாளித் தண்டையும் கொடுத்தார். குமிழி அறுபடாமல் ஊதவேண்டும். கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு, அதை வெளியே தள்ளுகிற நேரத்திலேயே மூக்கால் மூச்சு வாங்கவேண்டும். பத்து எண்ணுவதற்குள் எனக்குக் குமிழி அறுந்துவிடும். தாத்தாவுக்குச் சாமி நாலு வீதியும் சுற்றி வரும்வரை அறாது.

ஊதுவதற்கு நான் லாயக்கில்லை என்று தெரிந்ததும் கையில் தாளத்தைக் கொடுத்தார்கள். திருவிழா நாட்களில் அவர் பக்கத்திலேயே நின்று தட்டிக்கொண்டு போவேன். காஸ் லைட்டின் இரைச்சல், மல்லிகையும் வியர்வையும் கலந்த வாசனை, முன்னால் தீவட்டிப் புகை. சாமி கோயில் வாசலைத் தாண்டும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி எழும். தவுல் சத்தத்தில் என் நெஞ்சுக்கூடு அதிரும். அத்தனை ஆரவாரத்துக்கும் அடியில், என் வலது காதுக்குப் பக்கத்தில், அந்த ஒற்றைச் சுரம் அசையாமல் நின்றுகொண்டிருக்கும். கீழ வீதி திரும்பியதும் ராக ஆலாபனை தொடங்கும். கடைசியில் சாமி பள்ளியறைக்குப் போகும்போது நீலாம்பரி. பாதித் தூக்கத்தில் தாளத்தை விட்டுவிடுவேன். தாத்தாவின் முழங்கை மெதுவாக இடிக்கும்.

"நாயனக்காரரு ஊருகோலம் போயிட்டு வருவாரு தம்பி, நான் வாசத் திண்ணை. அவரு எங்க போனாலும் திரும்பி வர எடம் இருக்கணும்ல" என்று ஒருநாள் வீடு திரும்பும் வழியில் சொன்னார். "திண்ணையில உக்காந்திருக்கிறவனுக்குத்தான் யாரு எப்ப வந்தாங்க, எப்படி வந்தாங்கன்னு எல்லாம் தெரியும்."

அவருக்கு ராகங்கள் அப்படித்தான் தெரிந்திருந்தன. ஆரோகணம், அவரோகணம் என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. இருட்டில் வரப்பில் யாரோ வருகிறார்கள். ஒரு செருமலிலேயே யாரென்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ராகத்தையும் அவர் அந்தச் செருமலிலேயே பிடித்தார்.

எனக்கு வகுப்பு நடந்தது சனிக்கிழமை இரவுகளில். ஒன்பதரை மணிக்கு வானொலியில் அகில பாரத சங்கீத நிகழ்ச்சி வரும். பக்கத்து வீட்டு மர்பி ரேடியோவைத் திண்ணைக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். அறிவிப்பாளர் ராகத்தின் பெயரைச் சொல்லப்போகிறார் என்று தெரிந்தவுடன் தாத்தா எட்டிச் சத்தத்தைக் குறைத்துவிடுவார். பாட்டு தொடங்கியபின்தான் கூட்டுவார். பாடி முடித்ததும் என்னிடம் ஒரே கேள்வி: "என்ன கேட்டுச்சு?"

ராகத்தின் பெயரைச் சொன்னால் அவருக்குப் போதாது. "பேரு கெடக்கட்டும். என்ன கேட்டுச்சுன்னு சொல்லு."

அவர் கற்றுக்கொடுத்த வரிசை இது. முதலில் தம்புராவைப் பிடி. பாடுகிறவரை விட்டுவிடு, அடியில் நிற்கிற ஷட்ஜத்தை மனதுக்குள் நீயும் பிடித்துக்கொள். பிடித்தபின் பாட்டை அதன்மேல் விடு. ஒவ்வொரு சுரமும் உன் ஷட்ஜத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, நேராக நிற்கிறதா, ஆடி நிற்கிறதா என்று பார். மோகனமும் ஹம்சத்வனியும் எனக்கு அப்படித்தான் பிரிந்தன. இரண்டும் ச, ரி, க, ப வரை ஒரே பாதையில் வரும். அதற்குமேல் மோகனம் தைவதத்தில் கால் வைக்கும். ஹம்சத்வனி அதைத் தாண்டி நிஷாதத்துக்குப் போய், மேல் ஷட்ஜத்தை ஒட்டி நிற்கும். சுரங்களின் பெயர் தெரியாத வயதில் இதை நான், "ஒண்ணு படியில உக்காருது, இன்னொண்ணு வாசக்கதவுல சாஞ்சு நிக்குது" என்று சொன்னேன். தாத்தா தொடையில் தட்டிச் சிரித்தார்.

அடுத்து தாளம். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைப் போட்டுக்கொண்டே பாட்டு எங்கே எடுக்கிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். தட்டோடு சேர்ந்தா, அரை இடம் தள்ளியா? தனி ஆவர்த்தனம் வரும்போது ஊரில் பலர் வெற்றிலை போட எழுந்துபோவார்கள். என்னை அவர் எழ விடமாட்டார். "இப்பதான் அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிறாங்க. நடுவுல எந்திரிக்கலாமா?"

தோடி வந்தால் மட்டும் கேள்வி கிடையாது. திருவாவடுதுறையில் ராஜரத்தினம் பிள்ளை நாயனத்தில் அதை வாசித்ததை இளவயதில் நேரில் கேட்டவர் தாத்தா. 1956இல் பிள்ளை காலமானதைப் பற்றிப் பேசும்போது, வீட்டில் ஒருவர் போனதைச் சொல்வதுபோலத்தான் குரல் இறங்கும். தோடியின் காந்தாரம் வானொலியில் அசையும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

1984இல் சென்னையில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். விருப்பப் பாடமாக இசை ரசனை இருந்தது. முதல் இரண்டு வாரம் நான் வகுப்பில் வாயே திறக்கவில்லை. மற்றவர்கள் ஏழெட்டு வருடம் பாட்டு கற்றவர்கள். எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களையும் எண்ணோடு சொல்வார்கள். முதல் முப்பத்தாறில் சுத்த மத்யமம், பின் முப்பத்தாறில் பிரதி மத்யமம் என்பதே அங்கேதான் எனக்குத் தெரிந்தது. தோடி எட்டாவது மேளம் என்று படித்தபோது, பழகிய மனிதரின் வீட்டுக் கதவு எண்ணை அப்போதுதான் பார்ப்பதுபோல் இருந்தது. எண்களையும் உட்கார்ந்து படித்தேன். அவையும் வேண்டியிருந்தன, நான் வெறுமனே உணர்ந்ததைப் பிறருக்குச் சொல்ல அவைதான் சொல் கொடுத்தன.

பருவத் தேர்வில் ஒரு பகுதி, கேட்டு எழுதுவது. பேராசிரியை ஒலிநாடாவைப் போட்டுவிட்டுக் கரும்பலகையில் ஒரே வரி எழுதினார்: 'என்ன கேட்டீர்கள்?'

என் பேனா நின்றுவிட்டது. அது சனிக்கிழமை இரவின் கேள்வி.

நாடாவில் வந்தது நாயனம். தோடி. காந்தாரம் அசைந்த முதல் அசைவிலேயே யார் வாசிக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவரை நான் நேரில் கேட்டதில்லை, தாத்தாவின் மூடிய கண்களில் கேட்டிருக்கிறேன். ராகம், பிடிப்புகள், பஞ்சமத்தைத் தொடாமல் அவர் வெகுநேரம் சுற்றிச் சுற்றி வந்தது, தவுல் எங்கே ஒதுங்கி எங்கே சேர்ந்தது என்று எல்லாம் எழுதினேன். கடைசியில் இதையும் எழுதினேன்: 'இவற்றின் அடியில் ஒத்து ஒலிக்கிறது. வாசிப்பவருடைய மூச்சில் நாயனம் சூடாகிச் சுருதி மெல்ல ஏறும்போது, ஒத்துக்காரர் சீவாளியை உதட்டால் அழுத்தித் தன் சுருதியையும் கூடவே ஏற்றிக்கொண்டு போகிறார். ஓரிடத்தில்கூட மூச்சு அறவில்லை.'

அந்த வகுப்பில் அந்த வருடம் நான் முதலாவதாக வந்தேன். பேராசிரியை என் கடைசி வரிகளுக்கு அடியில் சிவப்பு மையால் கோடிட்டு, 'நான் இதுவரை கவனித்ததில்லை' என்று எழுதியிருந்தார்.

பொங்கல் விடுமுறைக்கு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அதற்குள் மேளத்துக்குச் சுருதிப்பெட்டி வந்திருந்தது. சுவிட்சைப் போட்டால் அது சோறு கேட்காமல் சுருதி கொடுத்தது. தாத்தாவை யாரும் கூப்பிட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒத்து உறைக்குள் சுவரோரம் சாய்ந்திருந்தது.

மார்க்கைச் சொன்னேன். தலையசைத்தார். எழுதியதைப் படித்துக் காட்டினேன். ஒத்தைப் பற்றிய இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ஒத்து யாருன்னு நாடா மேல பேரு போட்டிருந்துச்சா தம்பி?"

"இல்ல தாத்தா. நாயனம், தவுல் மட்டுந்தான்."

"போடமாட்டாங்க." கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆனா உனக்குக் கேட்டுச்சு."

பிறகு எழுந்துபோய் ஒத்தை உறையிலிருந்து எடுத்தார். சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்தினார். நான் அவருடைய இடப்பக்கம் போய், தாளம் தட்டிய காலத்தில் நின்ற அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.