பில்ட்-இன் மேல் பழி

அடுத்த மாதம் ஓய்வு. போன வாரம் அணித் தம்பி ஒருவர் வந்து, "சார், சீபுரொஃபைல் போட்டுப் பார்த்துட்டேன். நம்ம கோடுல ஒண்ணும் இல்ல, எல்லாம் பில்ட்-இன்லதான் போகுது" என்றார். பட்டியலின் முதல் வரியில், நெளிவு அடைப்புக்குள், சார்ட்டட். அதோடு விசாரணை முடிந்ததாம். சார்ட்டட்டை லூப்புக்குள் உட்கார வைத்து ஆயிரம் தடவை கூப்பிட்டது யார்? பிரின்ட்-காலர்ஸ் ஒரு வரி போட்டிருந்தால் அவருடைய ஃபங்ஷன்தான் வந்து நின்றிருக்கும்.

பில்ட்-இன் பெயராவது பட்டியலில் வருகிறது. என்னைப் படுத்தியது பெயரே வராதது. பன்னிரண்டு வரி பைத்தான் ஃபங்ஷன் ஒன்று. ஃபங்ஷனின் சொந்த நேரத்தைக் காட்டும் டாட்டைமில் அதுதான் உச்சம். அதிலிருந்த லூப்பை மூன்று நாள் செதுக்கினேன். ஒரு நொடிகூடக் குறையவில்லை. லூப்புக்குக் கீழே இரண்டு பெரிய நம்பை அணிகளைப் பெருக்கிக் கூட்டும் ஒற்றை வரி இருந்தது. சி ஃபங்ஷனைக் கூப்பிட்டால்தான் புரொஃபைலருக்குச் செய்தி போகும். கூட்டல் குறி கூப்பிடுவது ஆகாது; ஸ்லாட் வழியே நேராக சி-க்குள் இறங்கிவிடும். குறியை எடுத்துவிட்டு நம்பையின் ஆட் என்று பெயர் சொல்லி அழைத்தேன். அப்போதும் ஏறவில்லை. அது யூஃபங்க், புரொஃபைலர் கணக்கில் சி ஃபங்ஷனே இல்லை! கடைசியில் ஒவ்வொரு கணக்கையும் ஒரு குட்டி பைத்தான் ஃபங்ஷனுக்குள் பொதிந்து ஓட்டினேன். திருடன் அகப்பட்டான்.

இப்போது யார் அப்படிப் பொதிகிறார்கள்? சின்ன ஃபங்ஷனைக் கண்டால், சி-யாக்கிக் கொடுக்கும் சைத்தானுக்கு மாற்றிவிடுகிறார்கள். புரொஃபைலரின் சுமை பைத்தான் ஃபங்ஷன்மேல்தான் விழும், சி-மேல் விழாது. அதனால் மாற்றியதும் பட்டியலில் வேகம் பிரமாதமாகத் தெரியும். புரொஃபைல் டைரக்டிவ் போடாவிட்டால் உள்ளே நடக்கும் அழைப்புகளும் மறைந்து பட்டியல் துடைத்த மாதிரி ஆகிவிடும். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் வேலை பல சமயம் கிட்டத்தட்ட பழைய நேரத்தில்தான் முடியும். சொன்னால் 'பெரியவர் புலம்புகிறார்' என்பார்கள்.

தம்பிக்கு இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பை-ஸ்பைல நேட்டிவ் போட்டா உள்ளயும் வருமே சார்" என்று ஓட்டினார். வந்தது. எங்கள் சி நீட்சி ஃபங்ஷன்களின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் முகவரி எண்கள். சிம்பல்களை யாரோ ஸ்ட்ரிப் செய்துவிட்டிருக்கிறார்கள்.

பில்ட் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தோம். ஸ்ட்ரிப் செய்யும் வரியைச் சேர்த்தவன் நான்தான், 2014இல்.